புரோபேட் கட்டாயம் போய்விட்டது. உயிலை நிரூபிக்கும் வேலை போகவில்லை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வெளியூர் உறவினர்கள் கிளம்பிய பிறகுதான் பல வீடுகளில் பீரோ திறக்கப்படுகிறது. தாய்ப் பத்திரம், எல்.ஐ.சி. ரசீதுகள், என்றோ மூடிய வங்கிக் கணக்கின் பாஸ்புக், வைப்புநிதி ரசீது, இவற்றுக்கு அடியில் சில வீடுகளில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் உயில். அதுவரை அழுதுகொண்டிருந்த வீடு அந்த நிமிடத்திலிருந்து ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பிக்கிறது. “தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்று வாங்கிட்டா போதும், எல்லாம் முடிஞ்சுடும்” என்பார் சித்தப்பா. “சென்னையில சொத்து இருக்கு, புரோபேட் போடாம ஒண்ணும் நடக்காது” என்பார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா.

சித்தப்பா சொன்னது எப்போதுமே பாதிதான் சரி. மாமா சொன்னது 2025 டிசம்பர் வரை பெரும்பாலும் சரியாக இருந்தது. அந்த மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்க மற்றும் திருத்தச் சட்டம், வழக்கொழிந்த பல சட்டங்களைக் களைந்ததோடு, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து, புரோபேட்டைக் கட்டாயமாக்கிய 213ஆம் பிரிவையும் எடுத்துவிட்டது. செய்தி ஒரே வரியில் பரவியது: “இனி சென்னையில் புரோபேட் வேண்டாம்.” வரி சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு உயிலை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புரோபேட் என்றால் என்ன? இறந்தவர் எழுதிய கடைசி உயில் இதுதான், இது முறைப்படி எழுதப்பட்டது என்று நீதிமன்றம் சோதித்து, முத்திரையிட்டுத் தரும் உயிலின் சான்றிட்ட நகல். அவ்வளவுதான். வீடு யாருக்குச் சொந்தம் என்று அது சொல்லாது. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஒருவர் உயிலில் எழுதி வைத்திருந்தால், புரோபேட் கிடைத்ததால் அந்த நிலம் அவருடையது ஆகிவிடாது. புரோபேட் நீதிமன்றம் பார்ப்பது உயில் உண்மையா என்பதை மட்டும்தான். உரிமைச் சண்டை தனியாக உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்கும். இது புரியாமல் புரோபேட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு “கேஸ் ஜெயிச்சாச்சு” என்று நிம்மதி அடைந்தவர்கள் நிறையப் பேர்.

சென்னைக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டாயம் இருந்தது என்பது சுவாரசியமான கதை. 1870இல் ஆங்கிலேய அரசு இந்து உயில்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் ஆகிய மூன்று நகரங்களின் உயர் நீதிமன்ற எல்லைக்குள்ளும், அன்றைய வங்காள ஆளுகைப் பகுதியிலும் எழுதப்படும் உயில்களுக்கு அது பொருந்தியது. அந்தச் சட்டம் 1925 சட்டத்துக்குள் கரைந்தபோதும் அதன் எல்லைக்கோடு அழியவில்லை. 57ஆம் பிரிவில் “1870 செப்டம்பர் முதல் நாள்” என்ற தேதி அப்படியே நின்றது. அதன் விளைவு விசித்திரமானது. மதுரையில் மதுரைச் சொத்துக்கு எழுதிய உயிலுக்குப் புரோபேட் தேவையில்லை. அதே ஆள் அதே மதுரையில் உட்கார்ந்து மயிலாப்பூர் வீட்டைப் பற்றி எழுதினால் தேவை. கோயம்புத்தூர் நிலத்தைப் பற்றிய உயிலைச் சென்னையில் வைத்துக் கையெழுத்திட்டாலும் தேவை. டெல்லிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை.

மதக் கணக்கும் இதில் இருந்தது. இந்து, பௌத்த, சீக்கிய, சமண உயில்களுக்கு அந்த மூன்று நகரங்களில் கட்டாயம். பார்சிகளுக்கு 1962 திருத்தத்துக்குப் பிறகு அதேபோல். முஸ்லிம்களுக்கு எப்போதுமே கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு நாடு முழுவதும் கட்டாயமாக இருந்து 2002இல் விலக்கு வந்தது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேர் உயில் எழுதினால், ஒருவருடைய பிள்ளைகள் உயர் நீதிமன்றம் போக வேண்டும், இன்னொருவருடைய பிள்ளைகள் போக வேண்டாம் என்ற நிலை 2025 வரை நீடித்தது. நீக்கியது நியாயம்தான்.

213ஆம் பிரிவு சொன்னதையும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். புரோபேட் இல்லாத உயில் செல்லாது என்று அது சொல்லவே இல்லை. புரோபேட் வாங்காமல், உயிலின் கீழ் எனக்கு உரிமை உண்டு என்று எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்ட முடியாது என்றுதான் சொன்னது. அந்தத் தடை இப்போது விலகியிருக்கிறது. ஆனால் புரோபேட் கேட்டு விண்ணப்பிக்கும் வழி, அதற்கான பிரிவுகள், நீதிமன்றத்தின் அதிகாரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கட்டாயமாக இருந்தது விருப்பமாக மாறியிருக்கிறது, அவ்வளவே.

சாட்சியின் வயது

உயிலை யாராவது மறுத்தால் அதை நிரூபிக்க வேண்டும் என்ற விதி 213ஆம் பிரிவில் இல்லை. அது சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பது வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. அந்த இருவரில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து, “அவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன், அவர் பார்க்க நான் கையெழுத்திட்டேன்” என்று சொல்ல வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 67ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் இதே விதி 68ஆம் பிரிவாக இருந்தது. எண் மாறியது, விதி மாறவில்லை.

இங்கேதான் காலம் எதிரியாகிறது. அப்பா 70 வயதில் உயில் எழுதும்போது யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்? எதிர்வீட்டு நண்பரை, கூட வேலை பார்த்தவரை, குடும்ப டாக்டரை. எல்லோருக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான். அப்பா 85இல் இறக்கும்போது சாட்சிகளில் ஒருவர் போய்ச் சேர்ந்திருப்பார், இன்னொருவர் மகள் வீட்டோடு பெங்களூரு போயிருப்பார். இன்னும் பத்து வருடம் கழித்து, வீட்டை விற்கும்போது ஒரு சகோதரர் “அது அப்பா கையெழுத்தே இல்லை” என்று வழக்குப் போட்டால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? சாட்சிகள் இருவருமே இல்லாவிட்டால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் தெரிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கச் சட்டம் வழிவிடுகிறது. வழி இருக்கிறதே தவிர, நேரில் பார்த்தவர் சொல்வதற்கு அது ஈடாகாது.

புரோபேட் கட்டாயமாக இருந்த காலத்தில் குடும்பங்கள் திட்டிக்கொண்டேயாவது சீக்கிரம் நீதிமன்றம் போயின. சாட்சி உயிரோடு இருக்கும்போதே அவருடைய வாக்குமூலம் பதிவானது. அந்தத் தீர்ப்பு வழக்கில் இல்லாதவர்களையும் உட்பட எல்லோரையும் கட்டுப்படுத்தும் வகையைச் சேர்ந்தது. இனி அந்த உந்துதல் இருக்காது. சண்டை வராத வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். சண்டை வரக்கூடிய வீடுகளுக்கு ஆபத்து தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், பிள்ளைகளுக்குள் பங்கு ஏற்றத்தாழ்வாக எழுதப்பட்ட உயில், இரண்டாம் திருமணம் உள்ள குடும்பம், பிள்ளை இல்லாமல் தம்பி மகனுக்கு எழுதி வைத்தது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கட்டாயம் இல்லையே என்று சும்மா இருக்கக் கூடாது. சாட்சி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே புரோபேட் வாங்கிவிட வேண்டும்.

வாங்குபவரின் வழக்கறிஞர் என்ற ஒருவர் இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, தன் பட்டியலில் உள்ள வழக்கறிஞரிடம் பத்திரங்களை அனுப்பி லீகல் ஒப்பீனியன் கேட்கும். சென்னைச் சொத்து உயில் வழியாக வந்தது என்றால் “புரோபேட் எங்கே” என்று எழுதியே அவர் கை பழகிவிட்டது. இனி அவர் என்ன கேட்பார்? புரோபேட் இல்லாவிட்டால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளட்டும் என்பார். தன் கட்சிக்காரர் கோடிக்கணக்கில் பணம் போடும்போது அவர் அப்படிக் கேட்பதில் தப்பும் இல்லை. ஆக, அதே கேள்வி நீதிபதியின் மேசையிலிருந்து வழக்கறிஞரின் மேசைக்கு நகர்ந்திருக்கிறது.

சரி, போவதென்றால் எப்படிப் போவது? சென்னை என்றால் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவு, மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம். உயிலில் “இதை நிறைவேற்ற இன்னாரை நியமிக்கிறேன்” என்று ஒருவர் பெயர் இருந்தால் அவர்தான் எக்ஸிகியூட்டர். புரோபேட் என்பது அவருக்கு மட்டுமே தரப்படும். அப்படி யார் பெயரும் இல்லாவிட்டால், அல்லது அந்த ஆள் இறந்துவிட்டால், உயிலின்படி சொத்துப் பெறுபவர் உயில் இணைத்த நிர்வாக உரிமைப் பத்திரம் கேட்க வேண்டும். பலன் ஒன்றுதான், பெயர் வேறு. பெயரை மாற்றிப் போட்டு விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

விண்ணப்பத்தோடு அசல் உயில், இறப்புச் சான்று, சொத்து விவரமும் மதிப்பும், எல்லா வாரிசுகளின் பெயர் முகவரி, முடிந்தால் ஒரு சாட்சியின் உறுதிமொழி எல்லாம் போக வேண்டும். இறந்து 7 முழு நாட்கள் ஆகாமல் புரோபேட்டும், 14 நாட்கள் ஆகாமல் நிர்வாக உரிமைப் பத்திரமும் வழங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த நாட்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆகும் காலத்தை மாதங்களில்தான் எண்ண வேண்டும். வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும், செய்தித்தாளில் அறிவிப்பு வரும். வாரிசுகள் எல்லோரும் முன்கூட்டியே சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். அதனால் வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்னால் அக்காவைப் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

யாராவது கேவியட், அதாவது எதிர்ப்பு மனு, போட்டால் விஷயம் மாறுகிறது. மனு சாதாரண வழக்காக மாற்றப்பட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீளும். கட்டணம் சொத்து மதிப்பைப் பொறுத்தது. வழக்கறிஞர் கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் தனித்தனி என்பதால் இரண்டையும் ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. உத்தரவு கிடைத்ததோடும் முடிந்துவிடுவதில்லை. 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 317ஆம் பிரிவு. இதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

எதிர்ப்பு வரும்போது நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? 1958இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்தான் இன்றும் வழிகாட்டி. உயிலைச் சுற்றி சந்தேகத்துக்குரிய சூழ்நிலை இருந்தால், அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டு வருபவருடையது. கையெழுத்து நடுங்கியிருக்கிறது, உயிலை எழுத ஏற்பாடு செய்தவரே பெரும்பங்கு பெறுகிறார், மனைவிக்கு ஒரு காரணமும் சொல்லாமல் ஒன்றும் இல்லை, இவையெல்லாம் அந்த வகை. பதிவு செய்த உயில்தானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பதிவு ஒரு பலம். ஆனால் பதிவு மட்டும் சந்தேகத்தைத் தீர்க்காது. உயிலுக்குப் பதிவு கட்டாயமும் இல்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிய உயில் செல்லும்.

பதிவு செய்த உயில் பற்றி ஒரு சின்னத் தகவல், பலருக்குத் தெரியாதது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு “உயில் எதுவும் இல்லை” என்று முடிவு கட்டுகிறார்கள். சொத்துப் பரிமாற்றங்கள் பதிவாவது 1ஆம் புத்தகத்தில். உயில் பதிவாவது 3ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்திலிருந்து வருவது. ஆகவே அதில் உயில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே நகல் வாங்க முடியும். இறந்த பிறகு இறப்புச் சான்றோடு போனால் நகல் கேட்கலாம். அப்பா அடிக்கடி போய்வந்த சார்பதிவாளர் அலுவலகம் எது என்று யோசித்து அங்கே ஒருமுறை தேடிப் பார்ப்பது வீண்போகாது. பூட்டி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் உயிலை ஒப்படைத்து வைக்கும் வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

உயில் இல்லாவிட்டால்

பெரும்பாலான வீடுகளில் பழுப்பு உறையே இருக்காது. அப்போது சட்டமே உயில் எழுதிவிடுகிறது, ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு விதமாக.

ஓர் இந்து ஆண் தானே சம்பாதித்த சொத்தை விட்டுவிட்டு 58 வயதில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், 82 வயதுத் தாய். வீட்டில் எல்லோரும் நான்கு பங்கு என்றுதான் கணக்குப் போடுவார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பங்கு. தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவிக்குச் சமமாக. தந்தை உயிரோடு இருந்தால் அவருக்கு இதில் பங்கில்லை, அவர் இரண்டாம் வகுப்பு. பாட்டிக்கு எதற்கு வீட்டில் பங்கு, அவர்தான் நம்மோடவே இருக்கிறாரே என்று விட்டுவிடுவார்கள். நான்கு வருடம் கழித்துப் பாட்டி உயில் எழுதாமல் இறக்கிறார். அந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது: இறந்த மகனின் பிள்ளைகளுக்கு ஒரு கூறு, உயிரோடு இருக்கும் இரண்டு மகள்களுக்கு ஆளுக்கொரு கூறு. அத்தைகள் இருவருக்கும் வீட்டில் பதினைந்தில் ஒரு பங்கு வீதம் சேர்ந்துவிட்டது. மருமகளுக்கு மாமியாரின் பங்கில் எதுவும் இல்லை. வீட்டை விற்கப் போகும்போதுதான் “அத்தைகளின் கையெழுத்து வேண்டும்” என்று வழக்கறிஞர் சொல்வார். அத்தைகளோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். பாட்டி உயிரோடு இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் பெயருக்கு அவர் மனமொப்பி, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனையும் இல்லை.

அதே 58 வயதுக்காரர் கிறிஸ்தவராக இருந்தால்? மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதியைப் பிள்ளைகள் சமமாகப் பிரிப்பார்கள். பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஒன்றுமே இல்லை. முஸ்லிமாக இருந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. முஸ்லிம் ஒருவர் தன் சொத்தில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ஒரே நாட்டில் மூன்று கணக்கு.

மகள்களைப் பற்றி ஒரு தவறான பேச்சு கிராமத்திலும் நகரத்திலும் இன்னும் ஓயவில்லை: “2005க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கில்லை.” அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்தில் மகளுக்கு 1956இலிருந்தே மகனுக்குச் சமமான பங்கு, திருமணம் எப்போது நடந்தாலும். குழப்பம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அதில் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கு உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பிரிக்கப்பட்ட சொத்துகளை மட்டும் இது தொடாது.

எந்தத் தாளுக்கு என்ன வேலை

இறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் அடிப்படை. 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் சிக்கலில்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் போன்ற அதிகாரியின் உத்தரவு தேவைப்படும். பெயர் எழுத்துப் பிழையை அப்போதே பார்த்துவிடுங்கள். ஆதாரில் ‘சுப்ரமணியன்’, பத்திரத்தில் ‘சுப்பிரமணியம்’, இறப்புச் சான்றில் ‘மணி’ என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதே தனி வேலையாகிவிடும்.

அடுத்தது சித்தப்பா சொன்ன வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, தாசில்தார் தருவது. குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையில் வேலை, சிறிய வங்கித் தொகைகள், பட்டா மாற்றம் இவற்றுக்கு இது போதும். ஆனால் இந்தத் தாள் யார் யார் வாரிசு என்று பெயர்களைச் சொல்கிறதே தவிர, யாருக்கு எவ்வளவு என்று சொல்வதில்லை. சொத்தில் உரிமையை உண்டாக்குவதும் இல்லை. யாராவது ஒரு வாரிசின் பெயரை மறைத்து வாங்கினால், அதை வைத்து எழுதிய பத்திரம் பின்னால் கவிழும்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்று. பணம், பங்குகள், வைப்புநிதி, இறந்தவருக்கு வர வேண்டிய கடன்கள் இவற்றுக்கு மட்டுமே அது. வீடு, நிலத்துக்குப் பயன்படாது. வங்கிகளும் நிறுவனங்களும் இதை விரும்பிக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: இந்தச் சான்று வைத்திருப்பவரிடம் நல்லெண்ணத்தோடு பணத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு வேறு வாரிசு வந்து கேட்டாலும் வங்கிக்குப் பொறுப்பில்லை. உங்கள் வசதிக்காக அவர்கள் கேட்கவில்லை, தங்கள் பாதுகாப்புக்காகக் கேட்கிறார்கள். அதனால் சிறிய தொகைக்கும் இதைக் கேட்டு அலைய வைக்கும் வழக்கம் இருந்தது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல், நாமினி இல்லாத கணக்கிலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரை எளிய முறையில் தர வேண்டும், ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது. 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்பது கெடு. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாவிட்டால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நாமினி என்ற சொல்லைச் சுற்றித்தான் அதிகச் சண்டை. கணக்கில் தன் பெயர் இருப்பதால் பணம் தனக்கே என்று மூத்த மகன் நினைப்பார். நாமினி என்பவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ள அதிகாரம் உள்ளவர். உரிமை வாரிசுகளுடையது. காப்பீட்டுத் தொகைக்கு 1983இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகளுக்கு 2023 டிசம்பரில் சக்தி யஸ்தானி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஒரு விதிவிலக்கு வந்திருக்கிறது: 2015 திருத்தத்துக்குப் பிறகு, காப்பீட்டில் பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பலனும் அவர்களுக்கே என்று காப்பீட்டுச் சட்டம் சொல்கிறது. வருங்கால வைப்புநிதியில் இன்னொரு பொறி. திருமணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால், திருமணம் ஆனதுமே அந்த நியமனம் செல்லாது. புதிதாகப் போடாமல் விட்டவர்கள் ஏராளம்.

பணம் வந்து சேர்ந்த பிறகும் வீடு நிற்கும். எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிவிட்டு அப்படியே விடுவது ஒரு வழி. பத்து வருடத்தில் வாரிசுகளுக்கு வாரிசுகள் வந்து கையெழுத்து எண்ணிக்கை இரட்டிப்பாகும். பிரித்துக்கொள்ள வேண்டும் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவரே வைத்துக்கொள்கிறார் என்றால் மற்றவர்கள் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதும்போது தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான். அதற்கும் 2023 ஜூலையிலிருந்து 40,000 ரூபாய் உச்சவரம்பு. அதற்கு முன்பு 25,000. பதிவுக் கட்டண உச்சவரம்பும் 4,000இலிருந்து 10,000 ஆனது. கோடி ரூபாய் வீட்டுக்கு இது பெரிய செலவல்ல. ஆனாலும் பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரியவர்கள் முன்னிலையில் கூர்ச்சீட்டு (பதிவு செய்யாத பங்குச் சீட்டு) எழுதி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைப்பது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. ஏற்கெனவே பேசி முடித்த பிரிவினையைக் குறித்து வைக்கும் நினைவுக் குறிப்பாக அது நிற்கலாம். அந்தத் தாளே பிரிவினையை உண்டாக்குகிறது என்றால் பதிவில்லாமல் நிற்காது. வங்கிக் கடன் கேட்கும் நாளில் இந்த வித்தியாசம் தெரியவரும்.

பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பது இப்போது சாதாரணம். அவர் பதிவுக்கு வர முடியாவிட்டால் அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ பவர் பத்திரம் எழுதி அனுப்புவார். அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். பத்திரத்தில் சொத்து விவரம், கதவு எண், சர்வே எண், எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட அதிகாரம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். “எல்லாச் சொத்துக்கும் எல்லா அதிகாரமும்” என்று மொத்தமாக எழுதி அனுப்பியதைச் சார்பதிவாளர் திருப்பிவிட்டால், டல்லாஸில் இருக்கும் தம்பி மறுபடி ஒருநாள் விடுப்பு எடுத்து முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். அதற்குள் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.